மொத்தம் எத்தனை பேரு?

இங்க அமெரிக்காவுல ஸ்கூல்ல பிள்ளைங்களுக்கு இலவச மதியச் சாப்பாடு கேட்டுக் குடுக்கிற ஃபார்ம் மொத்தமே ஒரு பக்கம்தான். பிள்ளைங்க பேரு, வீட்டுல இருக்கிற பெரியவங்க பேரு, யாருக்கு எவ்வளவு சம்பளம், அது வாரா வாரமா, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவையா, மாசாமாசமா, வீட்டுல மொத்தம் எத்தனை பேரு, சோஷியல் செக்யூரிட்டி நம்பரோட கடைசி 4 இலக்கம், கீழ ஒரு கையெழுத்து. ஆன்லைன்ல பண்ணா 10 நிமிஷம் கூட ஆகாது. எனக்கு 6 வாரம் ஆச்சு. அந்த 6 வாரத்தை நினைச்சா இன்னிக்கும் நெஞ்சுக்குள்ள ஏதோ அடைக்குது, யார்கிட்டயும் முழுசா சொன்னதில்லை, இங்க எழுதி வெச்சுடலாம்னு உக்காந்திருக்கேன்.

2023 மே மாசம் என் வீட்டுக்காரருக்கு வேலை போச்சு. டெக்சாஸ்ல டாலஸ் பக்கத்துல எங்க தெருவுலயே அந்த வருஷம் நாலஞ்சு வீட்டுல இதே கதைதான், அதனால அதைப் பத்தி நீட்டி முழக்க வேண்டாம். 8 வாரச் சம்பளம் குடுத்து அனுப்பினாங்க, ஜூலையோட அதுவும் முடிஞ்சுது. கிரீன் கார்டு கைல இருந்ததால ஊருக்குத் திரும்பணுங்கிற கவலை இல்லை, ஆனா வீட்டு லோன், கார் லோன், இன்சூரன்ஸ் எல்லாம் நம்ம நிலைமை பார்த்தா வரும்? நான் ஒரு இந்தியன் க்ரோசரி கடைல வேலைக்குப் போக ஆரம்பிச்சேன். காலைல அஞ்சரைக்கு காய்கறி லோடு வரும், பெட்டி பிரிச்சு அடுக்கணும், வாரத்துக்கு 25 மணி நேரம். ஆகஸ்ட் நடுவுல ஸ்கூல் திறந்துச்சு. பொண்ணு அஞ்சாவது, பையன் ஒண்ணாவது. ஸ்கூல்ல இருந்து வந்த ஈமெயில்கள்ல ஒண்ணுதான் அந்த ஃபார்ம், இலவச அல்லது குறைந்த விலை மதிய உணவுக்கு விண்ணப்பம்னு. வருஷா வருஷம் வரும். வருஷா வருஷம் படிக்காம அழிச்சிடுவேன். அந்த வருஷமும் அழிச்சேன், ஆனா படிச்சுட்டு அழிச்சேன், அதுதான் வித்தியாசம்.

கணக்கு எனக்குத் தெளிவா தெரியும். அந்த கல்வியாண்டுக்கு 4 பேர் இருக்கிற குடும்பத்துக்கு வருஷ வருமானம் 39,000 டாலருக்குள்ள இருந்தா சாப்பாடு இலவசம், 55,500க்குள்ள இருந்தா குறைஞ்ச விலை, அதாவது மதியச் சாப்பாட்டுக்கு 40 சென்ட்டுக்கு மேல வாங்கக்கூடாது. போன வருஷம் என்ன சம்பாதிச்சேன்னு கேக்க மாட்டாங்க, இப்ப என்ன வருதுன்னுதான் கேப்பாங்க. பாங்க்ல எவ்வளவு வெச்சிருக்கேன்னும் கேக்க மாட்டாங்க. எனக்கு ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை 650 டாலர், அதை 26ஆல பெருக்கணும், 16,900. பாதிக்கும் கீழ. ஒரு சந்தேகமும் இல்லை. அப்படியும் கை ஓடலை.

டப்பா கட்டிக் குடுத்திருக்கலாமேன்னு கேப்பீங்க, எங்க அக்காவே கேட்டா. பையனுக்குக் கட்டினோம், தயிர்சாதம் வெச்சா அவன் பாட்டுக்குத் தின்னுட்டு வந்துடுவான். பொண்ணு கொரோனா காலத்துல இருந்தே ஸ்கூல் சாப்பாட்டுக்குப் பழகினவ. அந்த ரெண்டு வருஷம், 2022 ஜூன் வரைக்கும், நாடு முழுக்க எந்தப் பிள்ளைக்கும் ஃபார்ம் கேக்காம இலவசமா சாப்பாடு போட சட்டம் இடம் குடுத்துச்சு. அவ ரெண்டாவது படிக்கும்போது டாக்டர் பிள்ளை, கூலி வேலை பாக்கிறவர் பிள்ளை எல்லாம் ஒரே வரிசைல ஒரே டிரே வாங்கிச்சு, என் பொண்ணும் வாங்கினா, யாருக்கும் அது தர்மம்னு தோணலை, எனக்கும் தோணலை. அப்புறம் சலுகை முடிஞ்சுது, காசு கட்டு இல்லைன்னா ஃபார்ம் குடுன்னு சொன்னாங்க. சாப்பாடு அதேதான், சமையக்கட்டு அதேதான். நடுவுல ஒரு காகிதம் வந்த உடனே வெக்கமும் கூடவே வந்துடுச்சு.

என் தட்டுல பொறிச்சிருந்த பேரு

இதுல எனக்கே பொறுக்க முடியாத விஷயம் ஒண்ணு இருக்கு. எங்கம்மா சத்துணவு அமைப்பாளர். திருத்துறைப்பூண்டி பக்கத்துல ஒரு சின்ன கிராமத்துப் பள்ளிக்கூடத்துல 27 வருஷம். 1982 ஜூலைல எம்ஜிஆர் சத்துணவுத் திட்டம் கொண்டாந்தப்போ ஊர் ஊருக்கு அமைப்பாளர், சமையல் ஆள், ஆயான்னு பொம்பளைங்களை எடுத்தாங்க, புருஷன் இல்லாதவங்களுக்கும் கதியத்தவங்களுக்கும் அதுல பெரிய வழி பொறந்துச்சு. அப்பா நான் கைக்குழந்தையா இருக்கும்போதே போயிட்டார். அம்மாவுக்கு அந்த வேலை கிடைச்சதாலதான் நானும் அக்காவும் நிமிந்தோம். அந்தச் சோத்தைத் தின்னுதான் நான் அஞ்சாவது வரைக்கும் படிச்சேன்.

எவர்சில்வர் தட்டு ஒண்ணு. திருத்துறைப்பூண்டி பாத்திரக்கடைல என் பேரைப் புள்ளி புள்ளியா பொறிச்சு வாங்கிக் குடுத்தாங்க அம்மா, முதலெழுத்து கொஞ்சம் கோணலா இருக்கும், விரலால தடவினா சொரசொரன்னு தெரியும். சாம்பார் ஊத்தினா முதல்ல அந்த எழுத்துக்குள்ளதான் போய் நிக்கும். காலைல பத்து மணிக்கு மேல பெரிய சார் வகுப்பு வகுப்பா வந்து எத்தனை பேருன்னு எண்ணுவார், கரும்பலகைல மூலைல பதிவு இவ்வளவு, வருகை இவ்வளவுன்னு எழுதியிருக்கும், கூடவே சாப்பாட்டுக்கு எத்தனை பேருன்னு ஒரு கணக்கு அம்மாகிட்ட போகும். 62ன்னு வந்தா ஆளுக்கு 100 கிராம் அரிசி, 6 கிலோ 200. அம்மா ஸ்டோர் ரூம் சாவியை இடுப்புல இருந்து எடுத்து, மூட்டைல இருந்து அளந்து ஆயாகிட்ட குடுப்பாங்க. அதுக்கு அப்புறம்தான் ஒலை கொதிக்கும். எந்தப் பிள்ளை வீட்டுல என்ன வருமானம், எத்தனை பேர் சம்பாதிக்கிறாங்கன்னு எவரும் கேட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்கு வந்த பிள்ளை, சாப்பிடுறேன்னு உக்காந்தா எலை. 1956ல எட்டயபுரத்துல காமராஜர் தொடங்கி வெச்ச நாள்ல இருந்து தமிழ்நாட்டுல பள்ளிக்கூடச் சோறுன்னா எனக்குத் தெரிஞ்சு அர்த்தம் அதுதான்.

அதுக்காக எங்க ஊர்ல எல்லாம் நல்லா இருந்துச்சுன்னு சொல்ல மாட்டேன். ஆயா தங்க தெருக்காரங்க இல்லைங்கிறதுக்காக மேலத் தெருவுல நாலு வீட்டுக்காரங்க பிள்ளைங்களைச் சாப்பிட விடலை. அந்தப் பிள்ளைங்க மணி அடிச்ச உடனே வீட்டுக்கு ஓடும், ஓடும்போது எங்க தட்டைத் திரும்பிப் பாக்கும். 'சத்துணவுச் சோறு'ன்னு ஒரு மாதிரி இழுத்துச் சொல்ற வாயும் இருந்துச்சு. அம்மா அதுக்கெல்லாம் பதில் சொல்ல மாட்டாங்க. அந்த நாலு வீட்டுப் பிள்ளைங்களையும் மனசுல வெச்சே ஒரு கைப்பிடி கூடப் போடுவாங்க, என்னிக்காவது ஒண்ணு வந்து உக்காந்துட்டா இல்லைன்னு சொல்லக் கூடாதுன்னு.

அப்படி வளர்ந்தவ நான். அந்தத் தட்டு இன்னும் ஊர்ல இருக்கு. அப்படியிருந்தும் ஒரு ஃபார்ம்ல என் பொண்ணு பேரை எழுத எனக்குக் கை வரலைன்னா, இடைல எனக்கு என்னவோ ஆயிருக்குன்னுதானே அர்த்தம்? நல்ல படிப்பு, நல்ல வேலை, நல்ல ஏரியால வீடு, இதெல்லாம் சேரச் சேர, அந்த வரிசைல இருந்து நான் வெளிய வந்துட்டேன், இனி அது வேற யாருக்கோ உள்ளதுன்னு எனக்குள்ள ஒரு கோடு போட்டு வெச்சிருக்கேன். அந்தக் கோட்டை நான் போட்டதே எனக்குத் தெரியலை.

வெளிய இருந்து பயமுறுத்தவும் ஆள் இருந்தாங்க. எங்க வாட்ஸ்அப் குரூப்ல ஒருத்தர், இப்படி அரசாங்க உதவி வாங்கினா நாளைக்கு சிட்டிசன்ஷிப்ல பிரச்சனை வரும்னு நீளமா எழுதியிருந்தார். தப்பு. வெளிநாட்டுல இருந்து வந்தவங்க அரசாங்கத்துக்குப் பாரமா ஆவாங்களான்னு பாக்கிற 'பப்ளிக் சார்ஜ்' கணக்குல பள்ளிக்கூட மதிய உணவை அப்ப எடுத்துக்கிட்டதே இல்லை, அந்தக் கணக்குக்கு ரொம்பக் கடுமையா வந்த 2019 விதிலகூட அதைச் சேர்க்கலை. ஃபார்ம்ல குடியுரிமை பத்தி ஒரு கேள்விகூடக் கிடையாது. சோஷியல் செக்யூரிட்டி நம்பர் இல்லாதவங்க இல்லைன்னு டிக் பண்ணிட்டுப் போகலாம். இதை எல்லாம் நான் அப்பவே தேடிப் படிச்சுட்டேன். படிச்சும் அந்த மெசேஜை ஒரு சாக்கா வெச்சுக்கிட்டேன், பயம்னு சொல்லிக்கிட்டா வெக்கம்னு ஒத்துக்க வேண்டியதில்லையே.

சீஸ் சாண்ட்விச்

செப்டம்பர் கடைசி வாரம். அன்னிக்கு எனக்கு லீவு. துணி மடிச்சுக்கிட்டு இருந்தேன், பொண்ணு பக்கத்துல உக்காந்து ஹோம்வொர்க் பண்ணிட்டிருந்தா. "அம்மா, எனக்கு இனிமே லஞ்ச் வேண்டாம்"னா. ஏன்டான்னேன். பசிக்கலைன்னா. வயிறு சரியில்லையான்னு கேட்டேன். இல்லைன்னா. அப்புறம் கொஞ்ச நேரம் கழிச்சு, பென்சிலைப் பார்த்துக்கிட்டே, "அவங்க டிரேயை எடுத்துட்டு சீஸ் சாண்ட்விச் குடுக்கிறாங்க"ன்னா.

எனக்கு முதல்ல புரியலை. அவ அக்கவுண்ட்டுல காசு தீர்ந்திருக்கு. ஆட்டோமேட்டிக்கா காசு ஏறுற மாதிரி அவரோட பழைய கார்டைப் போட்டு வெச்சிருந்தோம், அந்த கார்டை நாங்க மூடிட்டோம், ஸ்கூல்ல இருந்து வந்த எச்சரிக்கை எல்லாம் அவர் ஈமெயிலுக்குப் போயிருக்கு, அவர் அந்த நாட்கள்ல இன்டர்வியூ மெயில் தவிர எதையும் திறக்கிற நிலைமைல இல்லை. மூணு நாள் சாப்பாடு கடன்ல குடுத்திருக்காங்க. அதுக்கு அப்புறம் அந்த ஸ்கூல்ல விதி என்னன்னா சுடு சாப்பாடு கிடையாது, மாத்துச் சாப்பாடு. அதாவது பிள்ளை வரிசைல நின்னு டிரேல எல்லாம் வாங்கிட்டு வந்து கடைசில கேஷியர்கிட்ட பின் நம்பரை அடிப்பா, ஸ்கிரீன்ல சிவப்பா வரும், அந்தம்மா டிரேயை வாங்கி ஓரமா வெச்சுட்டு ஒரு பிளாஸ்டிக் கவர்ல இருக்கிற சாண்ட்விச்சைக் குடுப்பாங்க. பின்னாடி நிக்கிற எல்லாரும் பாப்பாங்க. எத்தனை நாளாடான்னு கேட்டேன். விரல்ல எண்ணிப் பார்த்து "ஆறு"ன்னா. ஏன் சொல்லலைன்னு கேட்டேன். "அப்பாவுக்கு ஜாப் இல்லையே"ன்னா.

துணியைக் கைல வெச்சுக்கிட்டு அப்படியே உக்காந்துட்டேன். கடைசி ரெண்டு நாள் அந்த சாண்ட்விச்சுக்குக்கூட அவ போகலை, லைப்ரரில போய் உக்காந்திருக்கா.

இதுல ஒண்ணு கவனிங்க, இதைச் சொல்லத்தான் இவ்வளவு எழுதினேன். இலவசமா சாப்பிடுற பிள்ளை யாருன்னு அந்த வரிசைல யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாதுன்னே சட்டம் இருக்கு, தனி வரிசை, தனிக் கலர் டோக்கன், தனி நேரம் எதுவும் வெக்கக் கூடாது. காசு கட்டுற பிள்ளையும் அதே பின் நம்பர் அடிக்கும், இலவசப் பிள்ளையும் அதே பின் நம்பர் அடிக்கும், ஸ்கிரீன் ரெண்டுக்கும் ஒண்ணுதான். ஊரறிய நிக்கிறது யாருன்னா, ஃபார்மும் குடுக்காம காசும் கட்டாம இருக்கிற வீட்டுப் பிள்ளைதான். என் பொண்ணு அசிங்கப்படக் கூடாதுன்னு நினைச்சுத்தான் நான் ஃபார்மை அழிச்சேன். அந்த அசிங்கத்தை நானே அவ கைல கவர்ல போட்டுக் குடுத்திருக்கேன்.

அந்த கேஷியர் அம்மா மேல எனக்குக் கோவம் இல்லை. டிரேயை வாங்கும்போது அவங்க "ஸாரி ஸ்வீட்டி"ன்னு சொல்வாங்களாம். எங்கம்மாவும் விதிக்குக் கட்டுப்பட்டவங்கதான், அவங்களுக்கும் மேல அதிகாரி உண்டு, ரெஜிஸ்டர் உண்டு, திடீர்னு வந்து மூட்டையை எடை போட்டுப் பாப்பாங்க. ஆனா எங்கம்மா கைல குடுத்திருந்த விதில, தட்டுல போட்ட சோத்தைத் திரும்ப வாங்குன்னு ஒரு வரி இல்லை. வாங்கின டிரேயை வேற பிள்ளைக்குக் குடுக்க முடியாது, குப்பைக்குத்தான் போகும். அதை விதின்னு எழுதி வெச்சவங்க மேலதான் எனக்குக் கோவம்.

அம்மா கேட்ட கேள்வி

அன்னிக்கு ராத்திரி லேப்டாப்பைத் திறந்தேன். அம்மாவுக்கு அங்க காலை, வீடியோ கால்ல வந்தாங்க. அதுக்கு ஒரு மாசம் முன்னாடிதான், ஆகஸ்ட் 25, காலை உணவுத் திட்டத்தை எல்லா அரசு ஆரம்பப் பள்ளிக்கும் சேர்த்துத் திருக்குவளைல முதலமைச்சர் தொடங்கி வெச்சிருந்தார், எங்க ஊர்ல இருந்து கிட்டக்கதான். அம்மா ரிட்டயர் ஆகிப் பல வருஷம் ஆச்சு, இருந்தாலும் அந்த நாள்ல இருந்து ஃபோன் பண்ணா அதே பேச்சுதான், உப்புமா போடுறாங்களாம், கிச்சடியாம், பிள்ளைங்க சீக்கிரமே வந்துடுதுங்களாம்னு. நான் அழுத முகத்தோட இருந்ததைப் பார்த்துட்டு என்னன்னாங்க. சொன்னேன். வேலை போன விஷயம் அவங்களுக்குத் தெரியும், இது தெரியாது.

அய்யோ பாவம்னு சொல்வாங்க, இல்லைன்னா என்னைத் திட்டுவாங்கன்னு நினைச்சேன். அம்மா கேட்டது வேற. "அங்க எத்தனை புள்ளைக்கு ஆக்குறாங்க?" தெரியலைம்மான்னேன். "அமைப்பாளர் யாரு, ஆம்பளையா பொம்பளையா?" அதுவும் தெரியலை. "ஏம்மா, நீ பேரே குடுக்கலைன்னா அவ எப்படி ஒலை வைப்பா?"ன்னாங்க.

அம்மாவுக்கு அமெரிக்கா தெரியாது. இங்க ஒலையும் இல்லை, உறைய வெச்ச பெட்டியைப் பிரிச்சு ஓவன்ல வெக்கிறாங்க. ஆனா அந்தக் கேள்வி அப்படியே பொருந்தும். இலவசமா எத்தனை பேர், குறைஞ்ச விலைக்கு எத்தனை பேர்னு எண்ணித்தான் ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் மத்திய அரசு ஸ்கூலுக்குப் பணம் திருப்பிக் குடுக்குது, 1946ல அதிபர் ட்ரூமன் கையெழுத்துப் போட்ட சட்டத்துல தொடங்கின இந்தத் திட்டத்துக்கு இன்னிக்கு இந்த எண்ணிக்கைதான் அச்சாணி. ஏழைப் பிள்ளைங்க அதிகமா இருக்கிற ஸ்கூலுக்குக் கூடுதல் டீச்சர் போட வர்ற பணத்தைப் பிரிக்கிறப்போகூடப் பல ஊர்ல இதே எண்ணிக்கையைத்தான் பாக்கிறாங்க. எங்க ஏரியால யாருக்கும் கஷ்டமே இல்லைன்னு அந்த எண்ணிக்கை சொல்லிட்டிருந்துச்சு. என்னை மாதிரி எத்தனை வீடு ஈமெயிலை அழிச்சிருக்கும்னு அதுக்கு எப்படித் தெரியும்?

ஃபார்மைத் திறந்தேன். அம்மா கால்லயே இருந்தாங்க. ஒவ்வொரு கேள்வியா தமிழ்ல படிச்சுக் காட்டினேன். அவர் பேருக்கு நேரா வருமானம் 0ன்னு போடணும், அந்தக் கட்டத்துல கொஞ்ச நேரம் நின்னேன். அவர் பின்னாடி வந்து நின்னு பார்த்துட்டு, "போடு, உண்மைதானே"ன்னார். பொய் சொன்னா வழக்குப் போடலாம்னு கீழ ஒரு வரி இருந்துச்சு, எல்லாம் உண்மைன்னு உறுதி குடுத்துக் கையெழுத்துப் போட்டேன். 3 நாள்ல பதில் வந்துடுச்சு, ரெண்டு பிள்ளைக்கும் இலவசம். பழைய பாக்கி மட்டும் தள்ளுபடி இல்லை, ஃபார்ம் குடுத்த நாளுக்கு முன்னாடி சாப்பிட்டதுக்குக் காசு கட்டணும். நேர்ல போய்க் கட்டினேன். அடுத்த நாள் பொண்ணு வந்து, இன்னிக்கு சிக்கன் நக்கெட்ஸ்னு சொன்னா, வேற ஒண்ணும் சொல்லலை, நானும் கேக்கலை.

2024 மார்ச்ல அவருக்கு வேலை கிடைச்சுது. உடனே எழுதிக் குடுத்து நிறுத்திடலாமான்னு எங்களுக்குள்ள ஒரு பேச்சு வந்துச்சு. விதிப்படி ஒரு தடவை ஏத்துக்கிட்டா அந்த வருஷம் முழுக்கச் செல்லும், நடுவுல வருமானம் கூடினா சொல்ல வேண்டியதில்லை. அம்மாகிட்ட கேட்டேன். "வருஷ நடுவுல புள்ள பேரை யாரும் அடிக்க மாட்டாங்க"ன்னாங்க. விட்டுட்டோம். அந்த ஆகஸ்ட்ல இருந்து காசு கட்டுறோம்.

கலிபோர்னியா, மின்னசோட்டா, மெயின் மாதிரி சில மாநிலங்கள் இந்தச் சிக்கலே வேண்டாம்னு எல்லாப் பிள்ளைக்கும் இலவசம்னு ஆக்கிட்டாங்க. டெக்சாஸ்ல இன்னும் இல்லை. இங்கயும் வரணும், கேக்க வேண்டிய இடத்துல எல்லாம் கேட்டுக்கிட்டுதான் இருக்கேன், ஸ்கூல் போர்டு மீட்டிங்ல ரெண்டு தடவை எழுந்து பேசியிருக்கேன். டிரேயைத் திரும்ப வாங்குறதை நிறுத்துங்கங்கிறதுதான் ரெண்டு தடவையும் நான் சொன்னது. அது வர்ற வரைக்கும் இந்த ஃபார்ம்தான் இருக்கு.

கடை வேலையை நான் விடலை. அங்க கூட வேலை செய்யற நேபாளப் பொண்ணு ஒருத்தி, வீட்டுக்காரர் கிடங்குல வேலை, மூணு பிள்ளைங்க. போன ஆகஸ்ட்ல லோடு இறக்கிட்டு டீ குடிக்கும்போது ஸ்கூல் சாப்பாட்டுக் காசு பத்திப் பேச்சு வந்துச்சு. ஃபார்ம் இருக்கேன்னேன். அதெல்லாம் எங்களுக்கு வேண்டாம் அக்கான்னு சட்டுனு சொன்னா. அந்தச் சட்டுனு சொல்ற குரல் எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் பேசலை. அடுத்த நாள் ஃபார்மை பிரிண்ட் எடுத்துட்டுப் போய், வெங்காய மூட்டை மேல ஒரு அட்டையைப் போட்டு அதுக்கு மேல வெச்சேன், பேனாவை அவ கைல குடுத்தேன். வீட்டுல மொத்தம் எத்தனை பேருன்னு எனக்குத் தெரிஞ்ச அரைகுறை ஹிந்தில கேட்டேன். அஞ்சுன்னா. அப்புறம் தயங்கி, மாமியார் இப்ப எங்களோடதான் இருக்காங்க, அவங்களையும் எண்ணலாமான்னா. ஒரே அடுப்புதானேன்னு கேட்டேன். ஆமான்னா.

6ன்னு எழுதினா.